ஆஸ்பத்திரியில் கட்டிய காப்பு

என் மனைவிக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று எனக்குச் சொன்ன டாக்டர் மாதுங்காக்காரர். தமிழ் பேசுகிறவர் என்பதால் என்னை அவரிடம் அனுப்பினார்கள். சின்ன வயது. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் ரத்தத்தில் வெள்ளை அணு, சிவப்பு அணு என்று வெகுநேரம் சுற்றி வந்தார்.

"பொழைப்பாளா மாட்டாளா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்றேன்.

"மருந்து குடுக்கறோம். ரத்தம் ஏத்தறோம். சில பேருக்குக் கொஞ்ச நாள் நன்னா இருக்கும். அப்புறம் திரும்ப வரும்."

"திரும்ப வந்தா?"

அவர் மேஜையில் இருந்த பேனாவை மூடி போட்டு மூடினார். எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். நன்றி கூடச் சொல்லவில்லை.

அதற்கு முன் கொஞ்ச காலமாகவே அவள் கால்களில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றாள். பல் விளக்கினால் ரத்தம் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். தாராவியில் எங்கள் சந்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சூடு என்றாள் ஒருத்தி. திருஷ்டி என்றாள் இன்னொருத்தி. நான் அவளை அடிக்கிறேன் என்றாள் மூன்றாமவள். சந்து முழுக்க நின்றது அந்த மூன்றாவதுதான். நான் கோபக்காரன். எனக்கு வாய் நீளும், கை நீண்டதில்லை. அதை யாரிடம் போய் நிரூபிக்க?

ஆஸ்பத்திரி பரேலில் இருந்தது. பெண்கள் வார்டு மாடியில். நான் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலை முடிந்து, எண்ணெய்க் கையைக் கழுவி, ரயிலேறிப் பரேலில் இறங்கினால் பார்வை நேரம் தொடங்கியிருக்கும். முடிந்து மணி அடிக்கிறவரை உட்கார்ந்துவிட்டு, சயானில் இறங்கி வீட்டுக்கு நடப்பேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை.

நெஞ்செலும்பில் ஊசி இறக்கிச் சோதித்தார்கள். அன்று மட்டும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மாத்திரைகள் கொடுத்தார்கள். அதில் ஒரு மாத்திரையால் முகம் வீங்கி உருண்டையானது.

"கல்யாணம் ஆனதுல இருந்து இப்பத்தான் மொகத்துல சதை வந்திருக்கு" என்றாள். "ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புங்க. நம்ம பொண்ண நல்லா வச்சிருக்காருன்னு நெனைக்கட்டும்."

ரத்தம் வேண்டும், ஆள் கூட்டி வாருங்கள் என்றார்கள். நான் சந்தில் வீடு வீடாகக் கேட்டேன். எங்கள் ஆட்கள் அம்மனுக்கு நாக்கில் வேல் குத்துவார்கள், தலைமுடியைக் கொடுப்பார்கள், தீச்சட்டி ஏந்துவார்கள். ஒரு பாட்டில் ரத்தம் என்றால் மட்டும் அது திரும்ப ஊறாது, ஆண்மை போய்விடும் என்பார்கள். கடைசியில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பஞ்சாபியும் ஒரு ரத்னகிரிக்காரனும் வந்து கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். ஒன்றும் போய்விடவில்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை உண்டு. அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. சாமியைச் சுற்றி நிற்கிறவர்கள்மேல்தான் எப்போதும் நம்பிக்கை வந்ததில்லை.

சித்திரையில் தாராவியில் எங்கள் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. பந்தக்கால் நாட்டிய நாளில் மஞ்சள் நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டால், கொடை முடியும்வரை விரதம் இருக்க வேண்டும். கவுச்சி கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லை தாண்டக் கூடாது. ஊரில் எல்லை என்றால் குளத்தங்கரை, சுடலைமாடன் பீடம் என்று ஏதோ இருக்கும். பம்பாயில் எது எல்லை? மில்லுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் போகாமல் யாரால் இருக்க முடியும்? அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி செய்துவைத்திருந்தார்கள். வேலைக்குப் போகலாம், விளக்கு வைப்பதற்குள் தாராவிக்குத் திரும்பிவிட வேண்டும்.

கால்நாட்டுக்குச் சில நாள் இருக்கும்போது அவள் சொன்னாள்.

"இந்த வருசம் நீங்க காப்புக் கட்டுங்க. எனக்காவ."

சரி என்றேன். அதற்குமுன் ஒரு வருஷமும் நான் கட்டியதில்லை. கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"கட்டலாம் தம்பி. ஆனா ஆஸ்பத்திரிக்குப் போவப்பிடாது" என்றார்.

"குர்லாவுக்குப் போவலாமா அண்ணாச்சி?"

"அது வேலைல்லா."

"கம்பெனிக்குப் போனாத் தீட்டு இல்ல. பொண்டாட்டியப் பாக்கப் போனாத் தீட்டா?"

"அங்கன தெனமும் சாவு விழும். சாவு விழுந்த எடத்துக்குள்ள காப்போட போவலாமா? நீயே சொல்லு."

"போன வருசம் நீங்க காப்போட வடாலாக் குடோன்லயே ரெண்டு நாள் படுத்துக் கெடந்தியளே. அம்மன் அங்கன வந்து படுத்தாளோ?"

"சரக்கு வந்திருந்தது, தம்பி."

"சரக்கு வந்தா எல்லை நீளும். பொண்டாட்டி கெடந்தா எல்லை குறுகிரும். நல்லாருக்குவே ஒம்ம எல்லை."

நின்றிருந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணாச்சி தராசில் இருந்த பருப்பைப் பொட்டலத்தில் கொட்டிக் கட்டினார். அதற்குமேல் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவளிடம் சொன்னேன்.

"முடியாதுன்னுட்டாவ."

"நீங்க எப்படிக் கேட்டிய?"

"வாயாலதான் கேட்டேன்."

"கேக்கப் போனியளா, சண்டைக்குப் போனியளா?"

"ரெண்டுக்குந்தான்."

அவள் சிரித்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நீயே சொல்லு. காப்பைக் கட்டிட்டு, கொடை முடியுற வரைக்கும் இங்க வராம இருக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம். இங்க எல்லாம் மராத்தியும் குஜராத்தியும். ஒங்க சண்டையாவது தமிழ்ல இருக்கு" என்றாள்.

பேச்சு அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கால்நாட்டு அன்று சாயங்காலம் போனபோது அவளுடைய இடது மணிக்கட்டில் மஞ்சளாக ஒரு துணி கட்டியிருந்தது. புண்ணுக்குக் கட்டுகிற வலைத்துணியில் ஒரு கிழிசல். கோயில் மஞ்சளை முந்தின வாரம் நான்தான் பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதைத் தம்ளர் தண்ணீரில் குழைத்து, துணியைத் தோய்த்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டிருக்கிறாள். வலது கையை ஊசி போட விட்டிருக்கிறாள்.

"இது என்னட்டி?"

"காப்பு."

"ஒனக்கு எல்லை எது?"

"இந்த ஆஸ்பத்திரி காம்பவுண்டு. கொடை முடியாம கேட்டத் தாண்ட மாட்டேன்."

"எந்திரிச்சு நிக்க முடியல. ஒன்ன யாரு தாண்டச் சொன்னா?"

"அதத்தான் சொல்லுதேன். என்னைய மாதிரி எல்லைய காக்க ஒங்க அண்ணாச்சியால முடியுமா?"

"தீட்டு?"

"தீட்டு வெளிய இருந்து வாரவங்களுக்கு. உள்ளயே கெடக்கவளுக்கு என்ன தீட்டு?"

நான் அந்த முடிச்சைத் தொட்டு இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன்.

வார்டு சிஸ்டர் மலையாளி. கத்திரிக்கோலோடு வந்தாள். "எந்தா இது? அழுக்கு. இன்ஃபெக்‌ஷன் வரும். கட் பண்ணணும்" என்றாள். இவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். சிஸ்டர் இழுத்தாள். இவள் விடவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்து, "நிங்கள் சொல்லு" என்றாள். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் சிஸ்டரே பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, அந்தத் துணியைச் சுற்றித் துடைத்துவிட்டாள். "இனி நிங்களோட அம்மனுக்கும் நானே ஊசி போடணும்" என்று திட்டிக்கொண்டே போனாள். அடுத்த நாட்களிலும் வந்து துடைத்தாள். திட்டும் நிற்கவில்லை.

பிறகு முட்டை. ஆஸ்பத்திரியில் காலையில் அவித்த முட்டை கொடுப்பார்கள். அவள் அதை வாங்கிப் பக்கத்துப் படுக்கைக்காரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணே என்னிடம் உங்கள் வீட்டுக்காரி நல்லவள் என்று இந்தியில் புகழ்ந்து சொன்னாள்.

"முட்டையத் தின்னுட்டி" என்றேன். "ரத்தம் ஊறணும்னு டாக்டர் எழுதி வச்சிருக்காரு. அம்மன் முட்டைய எண்ணிக்கிட்டா இருப்பா?"

"கொடையில வெட்டுற ஆட்ட மட்டும் எண்ணுதாள்லா?"

"ஒன் வாயில இருந்து ரத்தம் வந்தும் வாய் கொறையல."

"பால் கொண்டாங்க. பழம் கொண்டாங்க. அது விரதத்துக்கு ஆவும்."

அன்றுமுதல் பரேல் ஸ்டேஷன் வாசலில் வாழைப்பழமும், ஒரு ஈரானிக் கடையில் தூக்குவாளி நிறையப் பாலும் வாங்கிப் போனேன். பாலை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுக்கக் குடிக்க வைத்தேன். எனக்கு அவளை நம்ப முடியவில்லை.

கொடை இன்னும் வரவில்லை. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் நின்றது. ஈறில் ரத்தம் நின்றது. காலில் இருந்த நீலம் மஞ்சளாகிக் கரைந்தது. ஒருநாள் மாதுங்கா டாக்டர் பார்வை நேரத்திலேயே வந்து, சிரித்த முகத்தோடு நின்றார்.

"ரிப்போர்ட் நன்னா வந்திருக்கு. மாத்திரையை வீட்ல சாப்பிட்டாப் போதும். நாளைக்குக் கார்த்தால அழைச்சுண்டு போகலாம்."

எனக்குச் சந்தோஷம்தான். அதை நான் காட்டிக்கொள்ளவில்லை. அவள் சொன்னாள்:

"நான் வரல சார்."

"என்னம்மா இது? எல்லாரும் எப்போ விடுவேள்னு என் காலைப் பிடிப்பா. நீங்க என்னன்னா?"

"காப்புக் கட்டியிருக்கேன். கொடை முடியாம இந்தக் கேட்டத் தாண்டப்பிடாது."

"யார் கட்டச் சொன்னா?"

"ஆரும் சொல்லல. நானாக் கட்டுனேன்."

"அப்போ நீங்களாவே அவுத்துடலாமே?"

"ஒங்க பூணூல நடுவுல அவுத்து வச்சிருவியளா சார்?"

டாக்டரின் கை தானாகச் சட்டைக் காலருக்குப் போனது. சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லப்படாதா?"

"நான் சொல்லி இவ என்னைக்குக் கேட்டா சார்?"

உள்ளே எனக்குக் கொதித்தது. ஆஸ்பத்திரியே போகச் சொல்கிறது. உயிரோடு போகச் சொல்கிறது. இவள் மாட்டேன் என்கிறாள். பின்னலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாமா என்று தோன்றியது. பின்னல் இருந்தால்தானே. மாத்திரையில் முடி பாதி கொட்டியிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. நடைவழியைக் காட்டினார்.

"அங்கே பாருங்கோம்மா. நேத்திலேர்ந்து கீழே கிடக்கா. உங்க பெட்டைத்தான் அவளுக்குக் குடுக்கறதா இருக்கேன்."

நடைவழியில் பாயில் ஒரு பெண் கிடந்தாள். என் மனைவியைவிட இளையவள். பக்கத்தில் அவள் புருஷன் ஒரு தகரப் பெட்டிமேல் கைவைத்து உட்கார்ந்திருந்தான். யார் கடந்து போனாலும் எழுந்து எழுந்து நின்றான்.

என் மனைவி அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலைக் கீழே தொங்கப்போட்டாள்.

"இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? அவளக் கொண்டாந்து படுக்க வைங்க. நான் பாயில கெடக்கேன். எல்லைக்குள்ள எங்க படுத்தா என்ன?"

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் அவள் தன் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டிலைப் பிடித்து நின்றுவிட்டாள். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கையை விரித்தாள்.

"என்னிக்குக் கொடை?" என்று என்னிடம் கேட்டார்.

"செவ்வாக்கெழமை."

"புதன்கிழமை கார்த்தால போயாகணும். அதுக்கு மேல நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது." இரண்டு அடி போய்த் திரும்பி, "பால் மட்டும் போறாது. பருப்பும் சாப்பிடச் சொல்லுங்கோ" என்றார்.

அப்படி அவள் நடைவழியில் பாயில் கிடந்தாள். பினாயில் வாடை. தள்ளுவண்டிகள் காலை உரசிக்கொண்டு போகும். அந்தத் தகரப் பெட்டிக்காரன் என்னைக் கண்டால் கும்பிட்டான். எனக்கு அவன்மேலும் கோபம் வந்தது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒரு சாயங்காலம் பாய் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அப்படி என்னதான் அம்மன்ட்ட வேண்டியிருக்க? வீட்டுக்குக்கூடப் போவ மாட்டேங்க."

"சொன்னாச் சிரிப்பிய."

"சிரிக்க மாட்டேன். சொல்லு."

"இந்தக் கேட்ட நான் என் கால்ல நடந்து தாண்டணும். தூக்கிட்டுப் போவப்பிடாது, தள்ளிட்டுப் போவப்பிடாது. வந்தன்னைக்குப் பாத்தேன், ஒரு பொம்பளைய மூடி எறக்குனாவ. அப்பவே வேண்டிக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"ஏட்டி, கேக்கதுதான் கேக்க. முழுசாக் கேட்டா என்ன? சீக்கே போவணும், நூறு வயசு இருக்கணும்னு கேட்டா என்ன?"

"ஒங்க அண்ணாச்சி கடையில பேரம் பேசுத மாதிரியா அம்மன்ட்டப் பேச முடியும்? அவளால முடிஞ்சதத்தான் கேக்கணும்."

"அவளால என்ன முடியாது?"

அவள் பாய் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையைக் கிள்ளினாள். டாக்டர் பேனாவை மூடினாரே, அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. பாலை எடுத்து நீட்டினேன். குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை என்னைக் கொடைக்கு அனுப்பினாள். "போயி நில்லுங்க. சண்டை போடாதிய" என்றாள். நின்றேன். மேளம், வில்லுப்பாட்டு, சாமியாட்டம் எல்லாம் எப்போதும்போல. சந்துப் பெண்கள் அவளைப் பற்றி விசாரித்தார்கள். அடிக்கிறான் என்று சொன்னவளும் விசாரித்தாள். அண்ணாச்சி குங்குமம் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"வீட்டுல எப்படி இருக்கு?"

"காப்போட கெடக்கா."

"யாரு கட்டி விட்டா?"

"அவளேதான்."

"அப்பம் அது காப்பே இல்ல, தம்பி. கோயில்ல வச்சுப் பூசாரி கட்டணும்."

சண்டை போடாதே என்று அவள் சொல்லியிருந்தாள். குங்குமத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடையில் அதற்குப்பிறகு நான் சாமான் வாங்கவில்லை.

புதன்கிழமை காலை ஒர்க்‌ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். அவள் குளித்து, நான் கொண்டுபோன சேலையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். சிஸ்டர் சக்கர நாற்காலி கொண்டுவந்தாள். வேண்டாம் என்றாள். நான் கையை நீட்டினேன். அதுவும் வேண்டாம்.

"கைய பிடிச்சா அது நடந்த கணக்கு இல்ல."

படியில் இறங்க வெகுநேரம் ஆனது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்றாள். திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். ஒருவன் இந்தியில், "தூக்கிக்கிட்டுப் போ, ஏன் வேடிக்கை பாக்குறே?" என்று என்னை ஏசினான். நான் அவனுக்குப் பதிலுக்கு ஏசினேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள். முற்றத்தைக் கடக்கும்போது ஒரு தடவை தள்ளாடினாள். என் கை போனது. பார்த்தாள். இழுத்துக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டி நடைபாதையில் நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் வியர்த்து வெளுத்திருந்தது. சுற்றிலும் பஸ், டிராம், மில்லுக்குப் போகிற கூட்டம். அவள் கீழே தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "டாக்ஸி பிடிங்க. இனிமே தூக்கிக்கூடப் போங்க" என்றாள்.

மழைக்காலம் முழுக்க நன்றாக இருந்தாள். உட்கார்ந்தபடியே சமைத்தாள். தீபாவளிக்குச் செம்பூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போனோம். கறி வைத்திருந்தார்கள். இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். முகத்தில் வீக்கம் வற்றிப் பழைய முகம் வந்திருந்தது. எனக்கு ஒரு நினைப்பு வந்தது, டாக்டர் சொன்னது தப்பாக இருக்குமோ என்று. அக்காவிடம்கூடச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்றெல்லாம் நான் நினைப்பதில்லை. சொன்னதால் ஒன்றும் வரவில்லை. வருவது வந்தது.

தை மாதம் காலில் மறுபடி நீலம் கண்டது. அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு. இந்தத் தடவை மாத்திரைக்கு நோய் கேட்கவில்லை. ரத்தம் ஏற்ற ஏற்ற எங்கோ போனது. அவள் காப்புக் கட்டவில்லை. எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. நான் கேட்டபோது, "ஒரு தடவை கேட்டாச்சு. குடுத்துட்டா. திரும்பத் திரும்பப் போயி நிக்கப்பிடாது" என்றாள். மாசி பிறப்பதற்குள் இறந்துபோனாள். மூடித்தான் இறக்கினார்கள். நான் கூடவே இறங்கினேன்.

அண்ணாச்சி துக்கம் கேட்க வந்தார். காப்பை முறையாகக் கட்டியிருக்க வேண்டும் என்று யாரிடமோ வாசலில் சொன்னார். எனக்குக் கேட்டது. எழுந்து போக உடம்பில் தெம்பில்லை. மாதுங்கா டாக்டரை ஒருநாள் கிங்ஸ் சர்க்கிளில் பார்த்தேன். அந்த மருந்துக்கு அத்தனை மாதம் கிடைத்ததே பெரிது என்றார். சந்துப் பெண்கள் அம்மன் கொடுத்த ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். ஆளுக்கொன்று.

சாமி இருக்கிறதா, உங்களுக்கு என்ன செய்தது என்று இப்போதும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அம்மன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதைக் கொடுத்தாள். குறைவில்லாமல், கேட்டபடியே கொடுத்தாள். எனக்குக் கோபமெல்லாம் கேட்டவள்மேல்தான். அவ்வளவு கொஞ்சமாகக் கேட்டாள்.